ஹாஜியாரின் இடது சிக்னல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி றிப்கா சொல்வாள், அவள் சொன்னால் கொஞ்சம் கூட்டியே சொல்வாள். என் பெயர் ஜௌபர். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் வாகனங்களுக்கு ஒயரிங் வேலை செய்கிறேன். லைட் எரியாத வண்டி, ஹோர்ன் அடிக்காத வண்டி, யாரும் தொடாமலே ஹோர்ன் அடிக்கிற வண்டி எல்லாம் என்னிடம் வரும். வண்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களோடுதான்.

றிப்காவின் மூத்த சகோதரர் ஸஹாப்தீன் ஹாஜியார். ஹாலிஎலயில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் இருக்கிறது. வயதில் என்னைவிட மூத்தது, பொறுமையில் என்னைவிடப் பெரியது. வாரத்தில் பாதி நாள் அதில் பண்டாரவளைக்குப் போய் லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு வருவார். புது லொறி வாங்கச் சொன்னால், "இது ஓடுதே" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

மனிதர் பொய் சொல்ல மாட்டார். இதை மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை. காய் வாடியிருந்தால் வாடியிருக்கிறது என்று சொல்லித்தான் விற்பார். ஹாலிஎல கடைத்தெருவில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தால், அது வேலி எல்லையோ தராசு நிறையோ, கடைசியில் யாராவது ஒருவர் "ஹாஜியார் சொன்னா சரி" என்பார். அதோடு இரண்டு பேரும் வீட்டுக்குப் போவார்கள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் ரோட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பண்டாரவளையிலிருந்து தெமோதரை வழியாக ஹாலிஎலக்கு வரும் பாதையில் நேரான இடம் குறைவு. முன்னால் மெதுவாகப் போகிற வண்டிக்கு எதிரே வருவது தெரியும், பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. ஆகவே முன்னால் போகிறவர் இடது சிக்னல் போட்டால், "பாதை காலி, முந்திப் போ" என்று அர்த்தம். வலது போட்டால், "நில், எதிரே வண்டி வருது" என்று அர்த்தம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் லொறிக்காரரும் பஸ்காரரும் ஓட்டோக்காரரும் இதைத்தான் நம்பி ஓடுகிறோம். முகம் தெரியாத ஒருவர் போடுகிற சின்ன விளக்கை நம்பி உயிரைக் கொண்டுபோய் வளைவில் வைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கும். அதனால் யாரும் யோசிப்பதில்லை.

சென்ற வருடக் கடைசியில் ஹாஜியாரின் மகள் ஜிப்னாவுக்குக் கல்யாணம் வந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஹாஜியார் பிக்கப்புக்கும் பெயின்ட் அடிக்கப் பண்டாரவளையில் ஒரு கராஜில் விட்டார். பின்பெட்டியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இளநீலம் அடித்துக் கொடுத்தார்கள். வீட்டு கேட்டும் அதே நீலம். கேட்டுக்கு முன்னால் பிக்கப் நின்றால் எது கேட் எது பிக்கப் என்று தெரியாது என்று நான் கேலி செய்தேன். மச்சான் சிரிக்கவில்லை. அந்த நிறம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் ஒரே புலம்பல். "இந்தக் காலத்து ஆக்களுக்கு என்ன புடிச்சீக்கோ தெரியா, மச்சான். நான் இடது போட்டு வழி குடுத்தா வரவே மாட்டாங்க. வலது போட்டு நில்லுண்டு சென்னா, ஹோர்ன் அடிச்சிக்கிட்டு ஏறி வாறாங்க."

"ஃபோனைப் பார்த்துக்கிட்டு ஓட்டுற கூட்டம் மச்சான்" என்றேன். மூளை கெட்ட கூட்டம் என்றும் சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் மூளை கெட்டுவிட்டது என்று நம்புவது எனக்கு எப்போதும் சுலபம்.

பிறகு அந்த மோதல் நடந்தது. தெமோதரையைத் தாண்டி வலப்பக்கமாக ஒரு தேயிலைத் தோட்டத்து ரோடு ஏறுகிறது. அங்கே ஒரு வீட்டில் போஞ்சி எடுப்பதற்காக ஹாஜியார் வலது சிக்னல் போட்டுத் திரும்பினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கஜேந்திரன் அதே நேரம் வலப்பக்கமாக முந்தினான். பிக்கப்பின் முன் மட்காட்டில் மோதி, தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. வண்டியின் வலப்பக்க முன் சிக்னல் நொறுங்கியது.

கஜேந்திரன் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற பையன்தான். முப்பதை எட்டப் போகிறவன். தோட்டத்துப் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஹாலிஎலக்கு ஏற்றிக்கொண்டு போய்க் கூட்டி வருகிறவன். வேன் இன்னொருவருடையது. ஆனால் தாய்மார் பிள்ளைகளை விட்டது வேனை நம்பி அல்ல, இவனை நம்பித்தான்.

பொலிஸ் வந்து பார்த்தபோது ஹாஜியாரின் சிக்னல் சுவிட்ச் வலப்பக்கம்தான் கிடந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை, மோதலில் பியூஸ் போயிருந்தது. சந்தியில் முந்தியது பையனுடைய பிழை என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் ஒப்புக்கொண்டான். வழக்கு இல்லாமல் பேசி முடித்தார்கள்.

முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று. கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, அம்மா இராக்கம்மாவோடு அவன் ஹாஜியாரின் கடைக்கு மன்னிப்புக் கேட்க வந்தான். நானும் அன்று அங்கே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இராக்கம்மா இரண்டு கையையும் கூப்பினாள்.

"புத்தி கெட்டுப் போயி முந்திட்டான் மொதலாளி. மன்னிச்சிருங்க."

"தப்புதான் மொதலாளி" என்றான் கஜேந்திரன். "சந்தியில முந்தியிருக்கக் கூடாது. ஆனா நீங்க எடது போட்டீங்க. வழி குடுக்கிறீங்கன்னுதான் வந்தேன்."

ஹாஜியார் பதறிப் போனார். "தம்பி, அல்லா மேல சத்தியமாச் செல்றன். நான் வலதுதான் போட்டன்."

கடையில் யாரோ பின்னாலிருந்து, "ஹாஜியார் சொன்னா சரி" என்றார்கள்.

"இல்லீங்க. எடதுதான் எரிஞ்சிச்சு. என் கண்ணால பார்த்தேன்."

இராக்கம்மா அவன் கன்னத்தில் அறைந்தாள். அத்தனை பேர் முன்னால், முறிந்த தோளோடு நின்ற மகனை. "செய்யிறதையும் செஞ்சிட்டுப் பெரிய மனுசனைப் பொய்காரன்னு சொல்றியா?" என்று கத்தினாள். அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. திரும்பி வெளியே போனான். நான் என் பங்குக்கு, "இன்னும் ரெண்டு குடுங்கம்மா" என்றேன். என் வாய் எப்போதும் இப்படித்தான்.

மொரிஸின் முன் சிக்னல் விளக்கு லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் சொல்லி வைத்துக் கிடைக்க இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதுவரை ஹாஜியார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியே ஓட்டினார். விளக்கு வந்ததும் பிக்கப்பை என் கடையில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஹாலிஎலக்குத் திரும்பினார்.

அதற்கு முதல் நாள்தான் இராக்கம்மாவைப் பஸ் நிலையத்தில் கண்டேன். அவளே கிட்ட வந்து அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள். "நானா, ஒங்க கடையில எம்மவனுக்கு ஏதும் வேல இருக்குமா?"

"ஏன், வேன் ஓட்டலியா?"

"ஓட்ட மாட்டேங்கிறான். வேன்காரரு சாவியைக் கொண்டாந்து வீட்டுலயே குடுத்தாரு. இவன் வாங்கல. கண்ணு சரியில்லையாம்." அவள் குரல் இறங்கியது. "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணுல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. இவன் நம்பல. ஒலகமே வலதுன்னு சொல்லுது, எனக்கு மட்டும் எடதுன்னு தெரிஞ்சிருக்கு, இந்தக் கண்ண வச்சிக்கிட்டு எப்படிம்மா புள்ளைங்கள ஏத்துவேன்னு கேக்கிறான். சரியாப் பேசுறதுகூட இல்ல. லயத்துக்குப் பின்னால போயி குந்திக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்கான்."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் இப்படி நாடகம் ஆடுகிறான் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லாமல் விட்டேனே, அது ஒரு பெரிய விஷயம்.

மறுநாள் காலை பிக்கப்பில் கை வைத்தேன். மட்காட்டை ஏற்கெனவே தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். புது விளக்கைப் பொருத்தி, பியூஸ் மாற்றி, சுவிட்சை வலப்பக்கம் தள்ளினேன். மொரிஸில் சிக்னல் சுவிட்சின் நுனியில் ஒரு பச்சை பல்ப் இருக்கும். இடமானாலும் வலமானாலும் அந்த ஒரே பல்ப்தான் மின்னும். அது மின்னியது. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். வலது விளக்கு அழகாக எரிந்து அணைந்தது. சந்தோஷமாக ஸ்குரூ டிரைவரை வைக்கப் பின்பக்கம் போனேன்.

பின்னால் இடது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்ச் தட்டுப்பட்டு மாறியிருக்கும் என்று போய்ப் பார்த்தேன். மாறவில்லை. இடப்பக்கம் தள்ளினேன். முன்னால் இடது, பின்னால் வலது. ஒரு பழைய சாக்கைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பின்பெட்டிக்குப் போகிற ஒயர்கள் இணைகிற இடம் அங்கேதான். ஒரு காலத்தில் ஒன்றில் சிவப்புக் கோடும் மற்றதில் வெள்ளைக் கோடும் இருந்திருக்கும். இப்போது எண்ணெயும் புழுதியும் ஏறி இரண்டும் ஒரே தேயிலைச் சாய நிறம். பெட்டியைக் கழற்றிப் பெயின்ட் அடித்தவர்கள் திரும்பப் பூட்டும்போது இரண்டையும் மாற்றி இணைத்திருக்கிறார்கள். சுற்றியிருந்த நாடா இன்னும் புதுசாகவே இருந்தது.

நான் படுத்தபடியே கிடந்தேன். எழும்பத் தோன்றவில்லை. வழி கொடுத்தால் வர மாட்டார்கள், நில் என்றால் ஏறி வருகிறார்கள் என்று மச்சான் புலம்பியது காதில் கேட்டது. யாருக்கும் மூளை கெடவில்லை. அத்தனை நாளும் எதிரே பஸ் வருகிறது, நில் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும், வா வா என்று பின்னால் விளக்கு கூப்பிட்டிருக்கிறது. எத்தனை வளைவு, எத்தனை பேர்! அல்லாஹ்தான் காப்பாற்றினான். அதற்குப் பிறகுதான் பையன் கன்னத்தில் விழுந்த அந்த அறை ஞாபகம் வந்தது. அறைக்கு மேல் நான் போட்ட வார்த்தையும் வந்தது.

மத்தியானம் சாப்பிடப் போனபோது றிப்காவிடம் சொன்னேன். கையில் கரண்டியோடு நின்றாள்.

"காக்கா பொய் செல்லலியே" என்றாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இல்ல."

"அந்தப் பொடியனும் பொய் செல்லல்ல."

"ஆமா."

சோறு போட்டாள். பிறகு மெதுவாக, "ரெண்டு ஒயரத்தானே மாத்தணும்? மாத்திட்டு வாய மூடிக்கிட்டு ஈங்களேன். காக்கா சத்தியம் பண்ணின ஆள். இத்தன வருசம் எடுத்த பேரு. எல்லாம் முடிஞ்சி போன கத தானே" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான். ஏனென்றால் காலையில் வண்டிக்கு அடியில் கிடந்தபோது நானும் அதைத்தான் யோசித்தேன். இரண்டு நிமிட வேலை. ஒயரை மாற்றி நாடாவைச் சுற்றிவிட்டால், அந்தப் பையன் சொன்னதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். அதற்குப் பிறகு நானே வாயால் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. ஹாஜியார் சொன்னால்தான் சரி.

"அவன் வேன் ஓட்டாம ஈக்கிறான், றிப்கா" என்றேன். "கண்ணு கெட்டுப் போச்சிண்டு நினைச்சிக்கிட்டு."

நான் எழும்பிக் கை கழுவும்போது, "காக்காகிட்ட கொஞ்சம் மெதுவாச் செல்லுங்க. ஒங்கட வாயால செல்லாதீங்க" என்றாள்.

லுஹர் தொழுதுவிட்டு வண்டியை எடுக்க மச்சான் வந்தார். நான் மெதுவாகச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. "பின்னால நில்லுங்க மச்சான். என்ன எரியிதுண்டு செல்லுங்க" என்று உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

"இடது" என்றார் பின்னாலிருந்து.

"இஞ்ச வந்து சுவிட்சைப் பாருங்க."

வந்து பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். தானே உட்கார்ந்து சுவிட்சைத் தள்ளி, இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தார். திரும்ப வந்து மறுபக்கம் தள்ளி, திரும்பவும் போய்ப் பார்த்தார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பிறகு என் கடை வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தார்.

"பெயின்ட் அடிச்ச நாள்ல இருந்தா?"

"ஓம்."

"எண்டாலும் மச்சான், சந்தியில முந்தினது அவன்ட பிழை தானே?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் அத அண்டைக்கே ஒத்துக்கிட்டான்! அவன் விட்டுக் குடுக்காதது ஒண்ணே ஒண்ணுதான். அது உண்மை. அதுக்குத்தான் அடி வாங்கினான்!" பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். றிப்கா சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது. கண் விஷயத்தையும் வேன் சாவியையும் குரலைத் தணித்துச் சொன்னேன்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எழும்பி ஸ்குரூ டிரைவரையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகக் குனிந்தேன்.

"கை வைக்காதே" என்றார்.

"ஏன்?"

"இப்படியே போவோம். சத்தியம் பண்ணினது நான். அது எப்படிப் போச்சிண்டு அவங்களும் பார்க்கணும்."

அவர் ஓட்டினார். சிக்னலைத் தொடாமல், திரும்ப வேண்டிய இடத்தில் கையை நீட்டுவதாக ஏற்பாடு. நான் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். ஹாலிஎல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மொரிஸ் முனகிக்கொண்டு ஊர்ந்தது. ஒரு வளைவில் எனக்கு முன்னால் இடது விளக்கு மின்னியது. என் கை தானாக அக்ஸிலேட்டரை முறுக்கியது. பாதி வண்டி நீளம் முந்திவிட்டேன். எதிரே ஒரு பஸ் வளைவில் முகத்தைக் காட்டியது. பிரேக்கை மிதித்து எப்படியோ திரும்பப் பின்னால் ஒதுங்கினேன். பஸ்காரர் என் வாப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸைக் கண்டதும் மச்சான் ஏற்பாட்டை மறந்து, ஆயுள் பழக்கத்தில் என்னை நிற்கச் சொல்லி வலது போட்டிருக்கிறார். நானும் ஆயுள் பழக்கத்தில் வந்திருக்கிறேன். அந்த ஒயரைக் காலையில் விரலால் தொட்டுப் பார்த்தவன் நான். தெரிந்த எனக்கே கை போனது என்றால், தெரியாத அவன் என்ன செய்வான்? மிச்ச ஏற்றம் முழுவதும் நன்றாகத் தள்ளியே பின்னால் வந்தேன்.

நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஹாஜியாரின் நீல பிக்கப்பைக் கண்டதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மோதலுக்குப் பிறகு அவர் அங்கே வந்ததே இல்லை. இராக்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். மகன் இன்னும் ஏதாவது செய்துவிட்டானோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

மச்சான் பிக்கப்பைத் திருப்பி, பின்பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார். "மகனைக் கூப்பிடுங்க" என்றார்.

கஜேந்திரன் லயத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். இளைத்துப் போயிருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தம்பி, வண்டிக்குப் பின்னால நில்லுங்க. நான் சிக்னல் போடுறன். என்ன எரியிதுண்டு செல்லுங்க."

ஹாஜியார் உட்கார்ந்த இடத்தில் சுவிட்சை வலப்பக்கம் தள்ளினார். பின்னால் இடது விளக்கு எரியத் தொடங்கியது. மாலை மூட்டத்தில் நன்றாகவே தெரிந்தது. கஜேந்திரன் அதைப் பார்த்தான். தன் அம்மாவைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். திரும்ப விளக்கைப் பார்த்தான்.

"வலதுங்க" என்றான்.

இடது எரிகிறது. அவன் கண் முன்னால் எரிகிறது. அவன் வலது என்கிறான்.

"நல்லாப் பார்த்துச் செல்லுங்க" என்றது ஹாஜியாரின் குரல்.

"வலதுதாங்க மொதலாளி. நீங்க போட்டது வலதுதாங்க."

"என்னடா சொல்ற?" இராக்கம்மா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். விளக்கைக் கை நீட்டிக் காட்டினாள். "எடதுதானே எரியுது? அங்க பாரு. எடது. ஏன்டா வலதுங்கிற?"

அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒனக்கும் எடதா தெரியுது?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவன் நான். ஒரு பிள்ளையை அப்படிக் கேட்க வைத்தோமே.

ஹாஜியார் இறங்கி வந்தார். "எல்லாரும் முன்னால போய் சுவிட்சைப் பாருங்க. முன் விளக்கையும் பாருங்க. நான் போட்டது வலது. பின்னால எரியிறது இடது. ஒயர் மாறீக்கி. அண்டைக்கும் இப்படித்தான்." கஜேந்திரனின் பக்கத்தில் போய் நின்றார். "நான் பொய் செல்லல்ல. ஆனா இந்தப் பிள்ளையப் பொய்யனாக்கினது நான்தான். ஒருக்கா எறங்கிப் பின்னால வந்து பார்த்தீந்தா போதும். பார்க்கல்ல. நான் சென்னா சரிண்டு எல்லாரும் சென்னதக் கேட்டு, நானும் அப்படித்தான் நினைச்சன். மாப் பண்ணுங்க தம்பி."

பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தார்கள். அவன் வேனில் பிள்ளைகளை அனுப்பிய தாய்மாரும் அதில் இருந்தார்கள். இராக்கம்மா மகனுடைய கன்னத்தில், அன்று அறைந்த அதே இடத்தில், கையை வைத்தாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

நான் சாக்கைப் போட்டு அடியில் படுத்தேன். அங்கே எல்லாருடைய காலும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு ஒயரையும் பிரித்து, மாற்றி இணைத்து, நாடாவை இறுக்கமாகச் சுற்றினேன். வழக்கமாக மூன்று சுற்றுச் சுற்றுவேன். அன்று நாடா முடியும்வரை சுற்றினேன்.

"ஆயிட்டு மச்சான்" என்று வெளியே வந்தேன். "பின்னால யாராவது நிண்டு பாருங்க."

"அவர் பார்க்கட்டும்" என்றார் ஹாஜியார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கஜேந்திரன் பின்னால் வந்து நின்றான். சுவிட்சின் டிக் டிக் சத்தம் கேட்டது.

"என்ன எரியிது தம்பி?"

அவன் கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தான். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, அம்மாவைக்கூட. விளக்கை மட்டும் பார்த்தான்.

"வலது."

"இப்ப?"

"எடது."

"நிச்சயமா?"

"எடதுதான் மொதலாளி. எனக்கு நல்லாத் தெரியுது."

ஹாஜியார் இறங்கி வந்து பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

"நீங்க சென்னா சரி" என்றார்.